பித்தளை விலங்கு உருவங்கள்: காலமும் மதிப்பும்

இளையரசனேந்தல் கரிசல் நிலத்து ஊர். நெடுங்காலம் திருநெல்வேலி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டத்தில் இருந்த இவ்வூர், பின்னர் வருவாய் நிர்வாகத்தில் தூத்துக்குடி மாவட்டத்துக் கோவில்பட்டி வட்டத்தோடு சேர்க்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் இது ஒரு ஜமீனின் தலைமையூர். எட்டயபுரம், குருவிகுளம் முதலிய ஜமீன்களும் இதே வட்டாரத்தில் இருந்தன. பாளையக்காரர் போர்கள் 1801இல் முடிந்தபின் பாளையங்கள் ஜமீன்களாக மாறின. சென்னை மாகாண அரசு 1948இல் கொண்டுவந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் முறை முடிவுக்கு வந்தது. நிலவரி வருமானம் நின்றது. பெரிய வீடுகளைப் பராமரிக்க முடியாத நிலையில் பாத்திரபண்டங்கள் பங்காளிகளிடையே பிரிந்தன. எஞ்சியவை விலைக்குப் போயின.

அப்படி வெளியேறிய பொருள்களுள் பித்தளையிலும் வெண்கலத்திலும் வார்த்த சிறு விலங்கு உருவங்களும் உண்டு. யானை, குதிரை, நந்தி, மயில், அன்னம், கிளி, யாளி எனப் பலவகைப்பட்ட இவ்வுருவங்கள் இன்று காரைக்குடிப் பழம்பொருள் கடைகளிலும், பெருநகரங்களின் ஏலக் கூடங்களிலும், பல குடும்பங்களின் பரண்களிலும் கிடக்கின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் எழும் கேள்வி ஒன்றுதான்: இது எத்தனை ஆண்டுப் பழமையானது? உலோகத்தை மட்டும் பார்த்து இக்கேள்விக்கு விடை சொல்ல இயலாது என்பதே உலோகவியலும் தொல்லியலும் கடந்த நூறாண்டில் கற்றுக்கொண்ட பாடம்.

எடைத்தட்டில் போன பொருள்கள்

பழைய பித்தளைக்கு நம் ஊர்ச் சந்தையில் இரண்டு மதிப்புகள் உண்டு. ஒன்று உலோக மதிப்பு. கிலோவுக்கு இவ்வளவு என்று பாத்திரக்கடைக்காரர் சொல்லும் விலை. மற்றது பழம்பொருள் மதிப்பு. அது வயது, வேலைப்பாடு, பிறந்த இடம் மூன்றையும் சார்ந்தது. எவர்சில்வர் பாத்திரங்கள் வீடுகளுக்குள் பரவத் தொடங்கியதும் பித்தளையும் வெண்கலமும் பழசுக்குப் புதுசாக எடைபோட்டு மாற்றப்பட்டன. அண்டா, குத்துவிளக்கு, சருவம், கூஜா, பாக்குவெட்டி என எல்லாம் ஒரே தட்டில் ஏறின. அவற்றோடு போன விலங்கு உருவங்கள் எத்தனை என்பதற்குக் கணக்கு இல்லை. உருக்கிய உலோகத்திலிருந்து பழைய வடிவத்தை மீட்கவும் வழி இல்லை. தமிழ்நாட்டுப் பழம்பொருள் இழப்பு என்றதும் களவுபோன கோயில் திருமேனிகளே நினைவுக்கு வருகின்றன. வீட்டுப் புழங்குபொருள்கள் யாரும் திருடாமலேயே, உரியவர் கையாலேயே அழிந்தன. இந்த இழப்பு இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை.

அந்த வீட்டுப் பொருள்களில் பெயர் பொறிக்கும் வழக்கம் இருந்தது. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, உரியவரின் பெயர், ஊர், திருமணச் சீர் கொடுத்த ஆண்டு முதலியவற்றைப் பாத்திரத்தின் விளிம்பிலோ விளக்கின் அடித்தட்டிலோ எழுதினர். காலத்தைக் கணிக்க இதைவிட நல்ல சான்று வேறில்லை. தமிழ் எண்களில் ஆண்டு இருக்கலாம். பிரபவ முதலான அறுபதாண்டுச் சுழற்சிப் பெயராக இருக்கலாம். சுழற்சிப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டு முன்னும் பின்னுமாக ஐயம் நீடிக்கும். எழுத்தமைதியைக் கொண்டே தீர்க்க வேண்டும். வீசை, பலம் என்ற கணக்கில் எடை பொறித்திருந்தால் அப்பொருள் பெரும்பாலும் மெட்ரிக் எடைகள் நடைமுறைக்கு வந்த 1960ஆம் ஆண்டு வாக்கிற்கு முற்பட்டதாகும்.

உருவமா, உறுப்பா?

தனி உருவமாக விற்கப்படும் விலங்குகளுள் பல தனியாகச் செய்யப்பட்டவை அல்ல. குத்துவிளக்கின் உச்சியில் அமரும் அன்னம், தண்டில் திருகிப் பொருத்தும் உறுப்பு. விளக்கு உடைந்தால் அன்னம் மட்டும் மிஞ்சும். தொங்குவிளக்கின் சங்கிலியில் யானையோ மயிலோ கோக்கப்பட்டிருக்கும். பூசை மணியின் பிடியில் நந்தி படுத்திருக்கும். பாவை விளக்கின் தோளில் கிளி உட்கார்ந்திருக்கும். சுண்ணாம்புக் கரண்டகமும் குங்குமச் சிமிழும் மயில் வடிவில் வரும். பாக்குவெட்டியின் கைகள் குதிரைத் தலையில் முடியும். எனவே மதிப்பிடுபவர் முதலில் செய்ய வேண்டியது உருவத்தைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான். காலுக்கடியில் திருகு மரையோ, முளையோ, அறுத்த தடமோ, பற்றவைத்த கறையோ இருந்தால் அது உருவம் அன்று, உறுப்பு. முகத்தின் அழகை நெடுநேரம் வியந்துவிட்டு அடிப்பாகத்தை மறந்துவிடுவது இத்துறையில் வழக்கமான பிழை.

விலங்கு உருவம் கலத்தின் உறுப்பாக அமைவது தென்பாண்டிப் பகுதியில் மிகப் பழைய மரபு. இளையரசனேந்தலுக்குத் தெற்கே, தாமிரபரணியின் தென்கரையில் ஆதிச்சநல்லூர் தாழிக்காடு உள்ளது. செருமானியரான ஃபெடோர் யாகோர் 1876இல் இங்கு அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுசென்றார். பின்னர் இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை அகழாய்வு நடத்தினார். தாழிகளோடு இரும்புக் கருவிகளும் பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் கிடைத்தன. வெண்கல மூடிகளிலும் கலந்தாங்கிகளிலும் எருமை, ஆடு, மான், புலி, யானை, சேவல், பறவை முதலிய உருவங்கள் அமைந்திருந்தன. கருவிகளும் படைக்கலங்களும் இரும்பால் ஆனவை; வெண்கலமோ அணிகலனுக்கும் அழகிய கலத்துக்கும் மட்டுமே பயன்பட்டது. இந்த வேறுபாட்டை ரீயே குறித்திருக்கிறார். அவர் தொகுத்த பட்டியல் 1915இல் சென்னையில் நூலாக வெளிவந்தது.

நீலகிரியின் கற்குவைகளிலும் இதே எண்ணம் வேறு பொருளில் காணப்படுகிறது. அங்கே எருமையும் மானும் மயிலும் சுடுமண் மூடிகளின் மேல் நிற்கின்றன. நீலகிரி ஆணையராக இருந்த பிரீக்ஸ் எழுதிய நூல் (1873) அவற்றைப் படங்களோடு பதிவுசெய்தது. கலத்தின் உச்சியில் விலங்கை நிறுத்தும் பழக்கம் இன்றைய நாச்சியார்கோயில் விளக்கின் அன்னம் வரை தொடர்ந்து வந்தது என்று சொல்லிவிட ஆசை எழும். இடையில் பல நூற்றாண்டுகளுக்குச் சான்றுத் தொடர்ச்சி இல்லாததால் அந்த ஆசையை அடக்குவதே முறை.

வெண்கலமும் பித்தளையும்

செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. பேச்சு வழக்கில் இரண்டும் மாறி வரும். கடைப்பட்டியல்களிலோ பித்தளை உருவத்தை வெண்கலம் என்று எழுதி விலையேற்றுவது மிகச் சாதாரணம். நிறம் ஓரளவுக்கு உதவும். பித்தளை மஞ்சள் தூக்கலாகவும் வெண்கலம் செம்பழுப்பாகவும் தெரியும். ஆனால் காரீயக் கலப்பும் மேற்பூச்சும் கண்ணை ஏமாற்றும்.

பித்தளையின் வரலாற்றில் காலத்தைக் காட்டும் ஒரு தடயம் ஒளிந்திருக்கிறது. செம்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். துத்தநாகமோ 907 பாகையிலேயே ஆவியாகிவிடும். ஆகவே துத்தநாகத் தாதுவை உருக்கித் தனி உலோகமாகப் பிடிப்பது பழங்கால உலைகளில் முடியவில்லை. செம்புத் துண்டுகளைத் தாதுவோடும் கரியோடும் மூடிய மூசையில் வைத்துச் சூடேற்றி, ஆவியைச் செம்புக்குள் ஊறவைத்தே பித்தளை செய்தனர். இம்முறையில் துத்தநாகம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவது கடினம். இராசத்தானின் சவார் சுரங்கப் பகுதியில் ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைக்கும் உலைகளை அமைத்து, இடைக்காலத்திலேயே துத்தநாகத்தைப் பெருமளவில் பிரித்தெடுத்தனர். இங்கிலாந்தில் வில்லியம் சாம்பியன் இதற்கு உரிமம் பெற்றது 1738இல்தான். தனி உலோகமாகத் துத்தநாகம் கிடைத்தபின் வேண்டிய அளவு கலக்கலாம் என்றாயிற்று. எனவே ஓர் உருவத்தில் துத்தநாகம் 35 அல்லது 40 விழுக்காடு இருந்தால், அதைச் சோழர் காலத்தது என்று சொல்பவரை நம்ப வேண்டியதில்லை. எதிர்த்திசையில் இந்த வாதம் செல்லாது: துத்தநாகம் குறைவாக இருப்பது பழமைக்குச் சான்றாகாது. நேற்று வார்த்த உருவத்திலும் பழைய செம்பை உருக்கிச் சேர்த்திருக்கலாம்.

கலப்பை அறிய இன்று கைக்கருவியால் எக்ஸ்-கதிர் ஒளிர்வுச் சோதனை செய்கின்றனர். நொடிகளில் விடை கிடைக்கும், பொருளும் சிதையாது. ஆயினும் அக்கருவி காண்பது மேற்பரப்பை மட்டுமே. நெடுநாள் ஈரத்தில் கிடந்த பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து வெளியேறும். அப்போது கருவி உண்மையைவிடக் குறைவான அளவைக் காட்டும். வெப்ப ஒளிர்வு முறையால் காலம் காண வேண்டுமானால் உள்ளே சுட்ட மண் கரு இருக்க வேண்டும். பஸ்தர் பகுதியின் தோக்ரா யானைகளும் குதிரைகளும் மண் கருவின் மேல் மெழுகு நூலைச் சுற்றி வார்க்கப்படுபவை. அவற்றில் இச்சோதனைக்கு இடமுண்டு. தென்னிந்திய மரபிலோ உருவங்களைப் பெரும்பாலும் உட்குழிவின்றிக் கெட்டியாக வார்ப்பர். அவற்றில் சோதிக்க மண்ணே இராது.

வார்ப்பு முறையும் ஒரு சான்று. சுவாமிமலையில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகின்றனர். அச்சை உடைத்தே உருவத்தை எடுக்க வேண்டியிருப்பதால் ஒன்றைப்போல் மற்றொன்று அச்சாக அமையாது. மணல் வார்ப்பில் ஒரே மாதிரியை வைத்து எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். இரு பாதிகள் கூடும் இடத்தில் மெல்லிய தையல்கோடு விழும், அரத்தால் ராவி மறைப்பர். உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் பட்டறைகள் இம்முறையில் ஏற்றுமதிக்காக வார்த்த யானைகளும் மான்களும் உலகெங்கும் பரவியுள்ளன. வயிற்றடியில் ஆங்கிலத்தில் இந்தியா என்ற முத்திரை இருந்தால், அது பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தைக்கான சரக்கு. அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் பிறந்த நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. அத்தகைய பொருளை அரண்மனைச் சொத்து என்று விற்பவர்கள் அந்த முத்திரையை ராவிவிடுவதும் உண்டு. அடியில் மட்டும் காரணமின்றிப் பளபளக்கும் ஓர் இடம் இருந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

பர்மா எடைகளும் நம் வீசையும்

அன்னம் போன்ற பறவையோ சிங்கம் போன்ற விலங்கோ எண்கோணப் பீடத்தில் நிற்கும் சிறு வெண்கல உருவங்கள் பழம்பொருள் சந்தையில் அடிக்கடி தட்டுப்படும். இவை பொம்மைகள் அல்ல. பர்மிய அரசர் காலத்து எடைக்கற்கள். பறவையை அங்கே ஹிந்தா என்பர். ஹம்சம் என்ற சொல்லின் வழிவந்தது அது. மேலைநாட்டார் இவற்றை அபின் எடைகள் என்று அழைத்தாலும் அரிசி முதல் வெள்ளி வரை எல்லாம் இவற்றால் நிறுக்கப்பட்டன. 1885இல் மேல் பர்மாவும் ஆங்கிலேயர் வசமாகி அரசாட்சி ஒழிந்தபின் இவை வழக்கொழிந்தன.

இவற்றை மதிப்பிடத் தராசு ஒன்றே பெருமளவு போதும். பர்மியக் கணக்கில் 100 டிக்கல் கொண்டது ஒரு விஸ். அது ஏறத்தாழ 1.63 கிலோ. ஆகவே ஒரு டிக்கல் ஏறத்தாழ 16.3 கிராம். உண்மையான எடைக்கல் 1, 2, 5, 10, 20, 50, 100 டிக்கல் என்ற வரிசையில் எங்கேனும் பொருந்தும். தேய்மானத்தால் சிறிது குறையலாம். சுற்றுலாப் பயணிகளுக்காக வார்த்த போலிகள் இந்த வரிசையைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. விஸ் என்ற சொல் நம் வீசையிலிருந்தே வந்தது. ஆனால் சென்னை மாகாணத்து வீசை 40 பலம், அதாவது ஏறத்தாழ 1.4 கிலோ. பெயர் ஒன்று, எடை வேறு. நகரத்தார் வணிகத்தால் பர்மாத் தேக்கும் அரக்குப் பொருள்களும் செட்டிநாட்டுக்கு வந்தன. எடைக்கற்களும் அவ்வழியில் வந்துசேர வாய்ப்பிருந்தது. இன்று அவற்றை நிறுத்துப் பார்க்காமலேயே அன்னப் பொம்மை என்று விற்கவும் செய்கின்றனர்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்றைய கானா நாட்டு அகான் மக்கள் பொன்தூளை நிறுக்கப் பித்தளையில் வார்த்த மீன், முதலை, பறவை உருவங்களும் இவ்வகையினவே. பயன்பாடு தெரிந்தால் மதிப்பீடு எளிதாகிறது என்பதற்கு அவையும் சான்று.

தைமாபாத் எழுப்பிய கேள்வி

அறிவியல் சோதனை எல்லா ஐயங்களையும் தீர்க்கும் என்ற நம்பிக்கையை அசைத்த நிகழ்வு 1974இல் மகாராட்டிரத்தில் நடந்தது. அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில், பிரவரா ஆற்றங்கரையில் உள்ள தைமாபாத்தில், பில் பழங்குடியைச் சேர்ந்த உழவர் ஒருவர் மரவேரைத் தோண்டியபோது நான்கு உலோக உருவங்கள் கிடைத்தன: இரு காளைகள் பூட்டிய தேரும் அதை ஓட்டுபவனும், யானை, காண்டாமிருகம், எருமை. தேர் மட்டும் 45 செ.மீ. நீளம். கெட்டி வார்ப்பான இந்நான்கும் சேர்ந்து 60 கிலோவுக்கு மேல். வீட்டுப் பித்தளைப் பொம்மையோடு ஒப்பிட முடியாத பேருருவங்கள்தாம். ஆனால் இவற்றுக்கும் கேட்கப்பட்ட கேள்வி அதே கேள்விதான்.

அவ்விடத்தில் அகழாய்வு நடத்திய எஸ். ஏ. சாலி முதலியோர் சூழலின் அடிப்படையில் இவற்றைப் பிந்திய அரப்பாக் காலத்தவை என்றனர், அதாவது கி.மு. 2000ஐ ஒட்டியவை. டி. பி. அகர்வால் உலோகக் கலப்பைக் காட்டி மறுத்தார். உருவங்களில் ஆர்செனிக் 1 விழுக்காட்டுக்கு மேல் இருந்தது; அக்காலத்துப் பிற செம்புக் கருவிகளில் அத்தகைய கலப்பு இல்லை; ஆகவே இவை வரலாற்றுக் காலத்தவையாக இருக்கலாம் என்பது அவர் வாதம். இரு தரப்பினரும் தேர்ந்த அறிஞர்கள். கையில் இருந்த பொருள்களும் ஒன்றே. உருவங்கள் அகழாய்வுக் குழியில், மண்ணடுக்கோடு சேர்த்துப் பதிவாகி வெளிவந்திருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு இடமிருந்திருக்காது. பெரும்பாலோர் இன்று முதல் கருத்தை ஏற்றாலும் விவாதம் முற்றும் அடங்கவில்லை.

மண்ணடுக்கு எதைத் தரும் என்பதற்குத் தாமிரபரணிப் பகுதியின் சிவகளையே எடுத்துக்காட்டு. அங்கே தாழி ஒன்றில் கிடைத்த நெல் உமியைக் கரிமச் சோதனைக்கு அனுப்பியபோது கி.மு. 1155 என்ற காலம் கிடைத்தது. 2021இல் தமிழக அரசு அதை அறிவித்தது. உலோகம் சொல்ல முடியாத காலத்தை அதனருகே கிடக்கும் உமி சொல்லிவிடும். தாழியிலிருந்து கலத்தைப் பிடுங்கி எடுத்துக் கழுவிவிட்டால் அந்த உமி போய்விடும்.

புளியும் சாம்பலும்

பழைய உலோகப் பொருளைத் துலக்கக் கூடாது, மேற்படிந்த களிம்பே அதன் வயதுக்குச் சான்று என்பது மேலைநாட்டுச் சேகரிப்பாளர்களின் முதல் விதி. தமிழ் வீடுகளுக்கு அது பொருந்தாது. இங்கே விளக்கும் பூசைப் பொருளும் வெள்ளிக்கிழமைதோறும் புளியாலும் சாம்பலாலும் தேய்க்கப்பட்டவை. இருநூறு ஆண்டுப் பழமையான குத்துவிளக்கு நேற்று வாங்கியதுபோல் மின்னும். அமிலமும் மண்ணும் கொண்டு கருக்கப்பட்ட புதிய உருவம் பழையதுபோல் தோன்றும். ஆகவே இங்கு நிறத்தைவிடத் தேய்மானமே நம்பத்தக்கது. பல தலைமுறைக் கைகள் தேய்த்த அன்னத்தின் அலகு, இறகுக்கோடு, கொண்டை ஆகியவை மழுங்கியிருக்கும்; கைபடாத கழுத்தடியிலும் கால் இடுக்கிலும் செதுக்கல் கூர்மையாக நிற்கும், பழைய எண்ணெய்ப் பிசுக்கு இறுகிக் கறுத்திருக்கும். செயற்கையாகத் தேய்த்ததில் இந்த வேறுபாடு இராது. எல்லா இடமும் ஒரே அளவில் மழுங்கியிருக்கும். மண்ணிலிருந்து கிடைத்த பொருளுக்கு மட்டும் மேலைநாட்டு விதி முழுதும் செல்லும். அதன் பச்சைக் களிம்பைப் புளியிட்டுத் தேய்ப்பது, படிக்காத கடிதத்தை நீரில் அலசுவது போன்றது.

சட்டமும் பதிவும்

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி 100 ஆண்டுக்குக் குறையாத உலோக உருவம் தொல்பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வணிகம் செய்ய உரிமம் வேண்டும். புதிய பித்தளை யானையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும்போதுகூட ஐயம் எழுந்தால், அது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் பெற வேண்டியிருக்கும். 99ஆ 100ஆ என்று உலோகத்தைக் கொண்டு அளக்க முடியாத நிலையில், சட்டம் ஓர் எல்லையைக் கேட்கிறது. வல்லுநர்கள் வார்ப்பு, தேய்மானம், நடையமைதி ஆகியவற்றைக் கொண்டு அந்த எல்லையைத் தீர்மானிக்கின்றனர்.

மண்ணில் கிடைப்பவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய் மதிப்புக்கு மேற்பட்ட புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற படிமத் தொகுப்பில் பெரும்பகுதி இவ்வாறு புதையலாக வந்தது. ரீ சேகரித்த ஆதிச்சநல்லூர்ப் பொருள்களும் அங்கே பட்டியல் எண்ணோடு வைக்கப்பட்டன. அப்பதிவு இருந்ததால்தான் பிற்காலத்தில் உலோகவியல் அறிஞர் சாரதா சீனிவாசன் ஆதிச்சநல்லூர்க் கலங்களை ஆராய முடிந்தது. வெள்ளீயம் 23 விழுக்காடு வரை கலந்த வெண்கலத்தைச் செந்தணலில் அடித்து விரித்து, நீரில் தோய்த்து அக்கலங்கள் செய்யப்பட்டன என்று அவர் கண்டறிந்தார். ரீ தோண்டி எடுத்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை அது.